கலஹாவில் எல்லாரும் ஆதரித்த கொள்கை

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சிலருக்குத் தலைவலி வரும், சிலர் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்குச் சோறு இறங்காது. கண்டியில் நான் கருத்துக்கணிப்பு வேலை செய்த அந்தச் சில மாதங்களில் உடம்பு பாதியாகிவிட்டது. அலைச்சல் என்று அம்மா நினைத்தாள். அலைச்சலும் இருந்தது, ஆனால் காரணம் அதுவல்ல. கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன ஒருத்திதான் காரணம்.

போர் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வாவிக்கு மேலே ஏறும் ரோட்டில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார்கள். அதன் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரும் டொக்டர் என்று கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டொக்டர் அல்ல, படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர். அந்த வருடம் அவருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன அல்லவா, அந்தக் கூட்டமைப்பின் வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றிச் சுற்றியுள்ள நாடுகளின் சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வங்காளதேசத்தில் ஒரு குழு, நேபாளத்தில் ஒரு குழு, இங்கே நாங்கள். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் தமிழ் பேசும் வீடுகளுக்குப் போக இரண்டு பேரை எடுத்தார்கள். நானும் கெலிஓயாக்காரியும்.

முதல் நாளே டொக்டர் ஆசை காட்டிவிட்டார். முடிவுகளைச் சொல்ல கோலாலம்பூரில் ஒரு கூட்டம் நடக்கும். களத்தில் வேலை செய்தவர்களில் ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த ஆளுக்கு அங்கேயே ஒரு வருடம் பயிற்சி, தங்க இடம், எல்லாம்.

“உங்கள் ரெண்டு பேரில ஒராள்தான் என்னோட வரலாம். வேலையைப் பாத்துத்தான் முடிவெடுப்பன். இப்ப ஒண்டும் கேளாதேங்கோ,” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. என்னோடு பேராதனையில் படித்தவர்களில் பாதிப்பேர் கொழும்பில், மீதிப்பேர் கடல் தாண்டி. நான் கட்டுகஸ்தோட்டையில் அப்பாவின் வீட்டில், மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் பேப்பர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்தபடியே இருந்தது. எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், கோலாலம்பூர் வேண்டும். ஒரு வருடம். திரும்பி வந்த பிறகு யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

கெலிஓயாக்காரி என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். அவளுடைய வாப்பாவுக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை. படிப்பில் நான்தான் மேல். ஆங்கிலத்திலும் நான்தான் மேல். இதை நான் சொல்லவில்லை, டொக்டரே ஒருமுறை சொன்னார். ஆனால் அவளுக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. வீட்டுக்குள் போனதும் ஃபைலைப் பைக்குள் வைத்துவிட்டு, வந்த வேலையையே மறந்தவள் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைக்கு என்ன காய்ச்சல், கூரை எங்கே ஒழுகுகிறது, மகன் கட்டாரிலிருந்து எப்போது வருகிறான் என்று பேச்சு போகும். போகிற போக்கில் அந்தக் கொள்கைக் கேள்வியையும் அதே குரலில் கேட்டு வைப்பாள். கேட்டது தெரியாமலே சனம் பதில் சொல்லிவிடும். வெளியே வந்து மதில் ஓரமாக நின்று எழுதிக்கொள்வாள்.

எனக்கு அப்படி வராது. நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். கதவைத் தட்டினேன், யார் என்று சொன்னேன், கேள்வியை எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். அதுதான் முறை. முறைப்படி செய்கிறவளுக்குப் பேர் கிடைக்காமல், முறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறவளுக்குப் பேர் கிடைத்தால் வயிறு எரியுமா எரியாதா?

அவளுடைய பேப்பர்கள் வந்து சேரும்போது டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ‘குறிப்பு’ என்று கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அவள் அதில் நிரப்பி வைத்திருப்பாள். கெலிஓயாவில் ஒரு முதலாளி, மியன்மாரில் முஸ்லிம்களுக்கு நடப்பதை அந்தக் கூட்டமைப்பு கண்டித்துப் பேசாதவரைக்கும் அதை மனிதர்களின் கூட்டம் என்று சொல்ல மாட்டேன் என்றாராம். தெல்தெனியவில் ஒரு கடைக்காரர், எங்கள் பழைய டவுன் அணைத் தண்ணீருக்கு அடியில் போனபோது எந்த நாட்டுக்காரன் வந்து கேட்டான், இப்போது மட்டும் கொள்கை எதற்கு என்று கேட்டாராம். டொக்டர் வாசித்து வாசித்துச் சிரிப்பார். நான் அலுமாரிப் பக்கம் திரும்பி, அடுக்கி வைத்த ஃபைல்களை மறுபடியும் அடுக்குவேன்.

என் பக்கத்திலும் சுவாரசியம் இல்லாமல் இல்லை. கண்டி டவுனில் எங்கள் ஆட்களின் புடவைக் கடைகள், நகைக் கடைகளுக்கெல்லாம் போனேன். அங்கே நான் என்ன கேட்டாலும் அவர்களுக்குக் காதில் விழுந்தது ஒரே கேள்விதான்: சிங்கப்பூர் எங்கே, நாம் எங்கே?

“நம்மளையும் அந்தக் கூட்டத்துல சேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம் மிஸ். நாமதான் பெரிய மனுசங்க மாதிரி போகாம இருந்துட்டோமாம். இப்பப் பாருங்க, அவங்க எங்க போயிட்டாங்க, நாம எங்க கெடக்குறோம்,” என்றார் ஒரு புடவைக் கடைக்காரர். சொல்லும்போது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கூட்டமைப்பின் கொள்கையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால், “அவங்களுக்கென்ன, ஆதரிக்க ஆளா இல்ல?” என்றார்.

அவருக்கு எந்தப் பெட்டியில் கோடு போடுவது? முழுமையாக ஆதரிக்கிறேன், ஓரளவு ஆதரிக்கிறேன், கருத்தில்லை, ஓரளவு எதிர்க்கிறேன், முழுமையாக எதிர்க்கிறேன், அவ்வளவுதான் இருந்தது. பொறாமைப்படுகிறேன் என்று ஒரு பெட்டி இல்லை. இருந்திருந்தால் கண்டி டவுன் முழுவதும் அதிலேதான் விழுந்திருக்கும். நான் ‘ஓரளவு ஆதரிக்கிறேன்’ என்பதில் கோடு போட்டேன். அந்த மனிதரின் நெஞ்செரிச்சல் எனக்கு நன்றாகவே புரிந்தது. பக்கத்துக் கதவு வழியாக விருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களின் கோபம் அது. நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு கலஹா வந்தது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் சில லயங்கள் எங்கள் கணிப்புக்கான குறியில் விழுந்தன. அதில் ஒன்று அப்பா பிறந்து வளர்ந்த தோட்டம். டொக்டரிடம் சொன்னேன். சொந்தக்காரர் வீடு இல்லாவிட்டால் போகலாம் என்றார். சொந்தக்காரர் யாரும் அங்கே இல்லை. ஆனால் தோட்டத்தில் சொந்தம் என்பது இரத்தத்தை வைத்து இல்லை. அப்பாவின் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் வளர்ந்த ஒரு பெண்ணை நான் சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து பறித்து ஓய்ந்து, லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட்டுக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்குப் போனால் அவள் கையால் சாப்பிடாமல் வந்தது கிடையாது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் ஆட்கள், என் இடம். கெலிஓயாக்காரி பத்து வித்தை செய்தாலும் இங்கே என்னை மிஞ்ச முடியாது என்று பேராதனையிலிருந்து கலஹா போகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

லயத்துக்குள் நான் ஃபைலோடு வருவதைப் பார்த்ததும் வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். நான் நம்ம கிளார்க்கு மக என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கையில் ஃபைல் இருந்ததால் திருவிழாவுக்கு வருகிறவளாக யாரும் என்னைப் பார்க்கவில்லை. முதல் வீட்டில் நான் கேள்வியை வாசிக்கத் தொடங்கினேன். “வெளிநாட்டுக் கொள்கை” என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், வீட்டுக்காரர் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் பாயில் பரப்பினார்.

“இதெல்லாம் வேணாங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்,” என்றேன்.

“நாங்க என்னம்மா நெனைக்கப் போறோம். நாங்க இந்த நாடுதான். எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுக்க தாயி.”

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கு அடுத்த வீட்டிலும் அதே. நாடு என்ற சொல்லோடு ஒருவர் ஃபைலைத் திறந்தால், அது நீ யார், எங்கே போக வேண்டியவன் என்று கேட்கத்தான் என்று அந்த மனிதர்களுக்குப் பழகியிருந்தது. தோட்டத்துச் சனத்தில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்பதெல்லாம் சட்டத்தில் தீர்ந்து வருடங்கள் ஆகியும் பெட்டி இன்னும் கைக்கு எட்டுகிற இடத்திலேதான் இருந்தது. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்ற நாடுகள் தலையிடக் கூடாது என்ற கூட்டமைப்பின் கொள்கையை எந்த அளவுக்கு ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டேன். முழுமையாக ஆதரித்தார்கள். தேவைப்பட்டால் தலையிட வேண்டும் என்பதை ஆதரிக்கிறீர்களா என்று எதிர்ப்பக்கமாகவும் ஒரு கேள்வி இருந்தது. அதையும் முழுமையாக ஆதரித்தார்கள்.

அத்தை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். இவளாவது பேசுவாள் என்று நினைத்தேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசித்து முடிப்பதற்கு முன்னாலேயே “ஆமா, ஆமா” என்று தலையாட்டினாள்.

“அத்த, யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அத.”

“எனக்குத் தோணுறது என்ன கண்ணு. நீ நல்லா இருக்கணும். அதான் தோணுது. எல்லாத்துலயும் நல்லதாப் போட்டுக்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் கலஹாப் பேப்பர்கள் விரித்துக் கிடந்தன. ஒவ்வொரு பேப்பரிலும் முதல் பெட்டியில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையாகக் கோடு. குறிப்பு எழுதுகிற இடம் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

“இதென்ன பிள்ளை, எல்லாம் அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு? ஒண்டுக்கொண்டு முரணான கேள்விக்கும் ஆதரவு. நீர் உண்மையா வீடு வீடாப் போனனீரோ, இல்லாட்டி வீட்டில இருந்து போட்டனீரோ?”

போனேன் என்றேன். அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. டொக்டர் கெட்டவர் இல்லை. சந்தேகம் வந்தால் இன்னொருவரை அனுப்பி அதே வீடுகளில் மறுபடி கேட்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஆனால் அந்த இன்னொருவர் யார்? தமிழில் கேட்க இரண்டே பேர்தான் இருந்தோம்.

“மற்றவ போய்க் கேட்டுக்கொண்டு வரட்டும். நீர் வீட்டைக் காட்டிப்போட்டு வெளியில நில்லும். இதைப் பாத்துத்தான் மற்ற விசயமும்,” என்றார். மற்ற விசயம் என்றால் கோலாலம்பூர்.

மறுநாள் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் போனோம். அவள் உம்மா கட்டிக் கொடுத்த இடியப்பத்தில் எனக்கும் பங்கு கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்றேன். “கோவமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கோபம் இல்லை, அதைவிடக் கேவலமான ஒன்று. அந்த மனிதர்கள் அவளிடமும் பெட்டியைத் திறந்து காகிதத்தைப் பரப்ப வேண்டும், அவளிடமும் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் கதிர்காமக் கந்தனை வேண்டிக்கொண்டு போனேன். அப்படி நடந்தால் என் பேப்பர் பொய் இல்லை என்று ஆகும். எங்கள் ஆட்களிடம் அவளுடைய வித்தை பலிக்காது என்றும் ஆகும். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வேண்டியிருந்தது.

லயத்தைக் காட்டிவிட்டுக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் போய் நின்றேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதல் வாசலில் குனிந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. ஒருவர் இல்லை, வீடே சிரித்தது. அடுத்த வீட்டில் ஆண்கள் சத்தம் போட்டு ஏதோ வாதாடினார்கள். யாரோ யாரையோ “நீ சும்மா இரு, அந்தப் புள்ள என்கிட்டத்தான் கேக்குது,” என்று அதட்டினார். எனக்கு அந்தச் சிரிப்பு காதுக்குள் சூடாக இறங்கியது. கைக்குழந்தையாக இருந்தபோதே என்னை அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு மொட்டை அடித்தபோது அந்த லயமே கோவிலில் நின்றது. எனக்கு முன்னால் யாரும் அப்படிச் சிரித்ததில்லை, அப்படி வாதாடியதும் இல்லை.

அத்தை வீட்டில்தான் அவள் அதிக நேரம் இருந்தாள். அங்கே சிரிப்பு கேட்கவில்லை. வெளியே வந்தபோது அத்தை வாசல்வரைக்கும் வந்து, அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“சேர்கிட்டக் குடுத்த பொறகுதானே சொல்லலாம். நீங்க கோவிக்க வாணாம்,” என்றாள். கெலிஓயாவுக்கு மாற பேராதனையில் இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தொடுகையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்தவள் தொடுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் டொக்டர் இருவரையும் முன்னால் வைத்துக்கொண்டு அவளுடைய பேப்பர்களைப் புரட்டினார். கலஹாவில் யாரும் எல்லாவற்றையும் ஆதரிக்கவில்லை. ஒருவர் கூட்டமைப்பை ஏசியிருந்தார். ஒருவர் மலேசியாத் தோட்டங்களுக்குப் போன எங்கள் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று அந்த நாடுகளைக் கேட்டிருந்தார். ஒருவர் சீனா வந்தால் என்ன, அமெரிக்கா வந்தால் என்ன, சம்பளத்தைக் கூட்டச் சொல் என்றிருந்தார். அத்தையின் பேப்பருக்கு வந்ததும் டொக்டர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

“அடுத்த வீட்டுல அடிதடின்னா கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கிறதா? அதுக்குப் பேரு கொள்கையா? எந் தங்கச்சிய அழ அழக் கோச்சியில ஏத்திக் கப்பலுக்கு அனுப்புனப்ப எல்லா நாட்டுக்காரனும் அப்படித்தான் மரியாதையாக் கதவச் சாத்திக்கிட்டு இருந்தான்.”

அத்தைக்கு ஒரு தங்கை இருந்ததும், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு அவள் ரயிலேறிப் போனதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதையும் ஓர் அலுவலகத்தில், யாழ்ப்பாணத்துக் குரலில் தெரிந்துகொண்டேன்.

“தலையிடாக் கொள்கையைப் பற்றி நான் எத்தினை புத்தகம் வாசிச்சிருப்பன். இப்பிடி ஒராளும் சொல்லேல்லை,” என்றார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப உம்மட பேப்பர் என்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் கெலிஓயாக்காரி பேசினாள்.

“சேர், இவங்கட பேப்பர்ல பொய் இல்ல. அவங்க சொன்னதத்தான் இவங்க எழுதி ஈக்கிறாங்க. இவங்களுக்கு இது ஏதோ பரீட்சையாம், நாங்க நல்ல பதில் சொன்னாத்தான் நம்ம புள்ளைக்கு வேலை கெடைக்குமாம்னு அந்தச் சனம் பேசி வெச்சிக்கிட்டு எல்லாத்துக்கும் ஆமாம் சொல்லி ஈக்கிது. நான் போனதும் மொதல்ல கேட்டதே, அந்தப் புள்ள பாஸாயிருச்சான்னுதான்.”

அவள் சிரிக்கவில்லை. டொக்டரும் சிரிக்கவில்லை. “சரி பிள்ளை, நான் கேட்டதை மனசில வச்சிருக்காதேயும்,” என்று என்னிடம் சொன்னார். என் வேலை தப்பியது.

அதற்காக நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். எனக்கு வரவில்லை. எனக்காகப் பேச இவள் யார் என்றுதான் இருந்தது. எங்கள் சனம் என்னிடம் எப்படி நடந்துகொண்டது, ஏன் நடந்துகொண்டது என்பதையும் இவள் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா? அந்த லயமே கூடிப் பேசி எனக்கு மார்க் போட்டிருக்கிறது. அது அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்களுடைய அன்பு தேவைப்படவில்லை. அவர்களுடைய கோபம்தான் தேவைப்பட்டது. அந்தக் கோபத்தை வெளி ஆள் என்பதாலேயே அவளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அன்பை வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போக முடியாது.

அவள்தான் போனாள். டொக்டர் சொன்னபோது நான் வாழ்த்தினேன், கையும் கொடுத்தேன். வழியனுப்ப கெலிஓயாவுக்கு வரச்சொல்லி அவளுடைய உம்மா ஆள்விட்டுக் கூப்பிட்டார். வட்டிலப்பம் செய்திருந்தார்களாம். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

கூட்டம் முடிந்து டொக்டர் திரும்பி வந்து கதைகதையாகச் சொன்னார். அத்தையின் வாக்கியத்தை அவள் அந்த மண்டபத்தில் முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னாளாம். கூட்டமைப்பின் பெரிய பெரிய உத்தியோகத்தர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்களாம். தேநீர் நேரத்தில் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்களாம். “உம்மட ஆங்கிலத்துக்கு நீர் இன்னும் நல்லாச் சொல்லியிருப்பீர்,” என்று எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார் பாருங்கள், எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலஹாவுக்குப் போனேன். ஃபைல் இல்லை, பேனா இல்லை. அத்தை பின்பக்கம் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“வா கண்ணு. அந்தத் துலுக்கப் புள்ள மலேசியா போயிருச்சா?”

“போயிட்டா.”

“நல்லா இருக்கட்டும். தங்கமான புள்ள.”

அந்தத் தங்கமான புள்ள என்ற சொல்லோடு எனக்குக் கோபம் கட்டுமீறிவிட்டது. நான் சண்டை போடத்தான் போயிருந்தேன் போல.

“எனக்கு ஏன் அத்த சொல்லல? நான் எவ்வளவு காலமா இங்க வந்து போறேன். உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்ததக்கூட எனக்குச் சொன்னதில்ல. முந்தாநாள் வந்தவகிட்ட எல்லாத்தையும் கொட்டியிருக்கீங்க.”

அத்தை களையை ஒரு பக்கமாகப் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஒனக்கு எப்புடிச் சொல்றது? அவளத்தான் ஒங்கப்பனுக்குப் பேசி வச்சிருந்தது. எனக்குக் கல்யாணமாயிட்டதால எம் பேரு வேற காயிதத்துல. அவ பேரு எங்கய்யா பேரோட இந்தியாக் காயிதத்துல. ஒங்கப்பன் கண்டி ஸ்டேசன் வரைக்கும் போயி, கோச்சி கூடவே ஓடுனான். அதுக்கப்புறம் டவுன்ல வேலையத் தேடிக்கிட்டுப் போனவந்தான். இந்த லயத்துல ராத் தங்குனதில்ல. ஒங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஒனக்குச் சொல்லி, நீ அழுதுக்கிட்டுப் போயி அவங்கிட்டக் கேட்டியன்னா? இத்தன வயசுக்கு மேல அவனையும் அழ வைக்கணுமா? அந்தப் புள்ள வெளி ஆளு. எழுதிக்கிட்டுப் போயிரும்னு சொன்னேன்.”

அப்பா ஒரு கோச்சியோடு ஓடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த அப்பா பஸ்ஸுக்குக்கூட ஓடாதவர். ஆனால் அந்த நேரத்திலும் என் புத்தி அப்பாவிடம் நிற்கவில்லை. டொக்டர் வாசித்த பேப்பரில் தங்கை இருந்தாள், கோச்சி இருந்தது. அப்பா இல்லை.

“இதையும் அவகிட்டச் சொன்னீங்களா? அப்பா பேர?”

“சொன்னேனே. ஒன்னோட அப்பான்னுதான் சொன்னேன்.”

“அவ எழுதிக்கலயா?”

“எங்க எழுதுச்சு. பேனாவக் கீழ வச்சிருச்சு. பாவம், என்னையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு,” என்றாள் அத்தை.

அப்படியானால் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத அந்த ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது. பேப்பரிலும் போடாமல், கோலாலம்பூரிலும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் அழப்போகிறேன் என்று காத்திருந்தாள். என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காக அழ வேண்டியதை எனக்கு முன்னால் ஒருத்தி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.